டிரக் கூரையிலிருந்து பறந்து வரும் ஐஸ்: சட்டம் யாரைக் கேட்கிறது?

கேள்வி இதுதான். நியூ ஜெர்சியில் இன்டர்ஸ்டேட் 78-இல் மேற்கே போய்க்கொண்டிருந்தீர்கள். முன்னால் போன பெரிய டிரக்கின் கூரையிலிருந்து ஒரு ஐஸ் பலகை கிளம்பி வந்து உங்கள் கார் கண்ணாடியில் விழுந்துவிட்டது. கண்ணாடி முழுக்க விரிசல், நல்லவேளையாக உடம்புக்கு ஒன்றுமில்லை. டிரக் நிற்காமல் போய்விட்டது. பனி பெய்து ஓய்ந்தே இரண்டு நாள் ஆகியிருந்தது. ‘இதற்குச் சட்டமே இல்லையா, இருந்தால் ஏன் இத்தனை டிரக் தலையில் ஐஸ் இருக்கிறது, அவ்வளவு உயரத்தில் டிரைவர்தான் எப்படி ஏறுவார்’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டம் இருக்கிறது, தெளிவாகவே இருக்கிறது. மற்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் நீளும். ஒன்பது வருடமாக மத்திய ஜெர்சியில், டிரக்குகள் இழுத்துப் போகும் டிரெய்லர் பெட்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டு ஒன்றில் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். குளிர்காலத்தில் என் வேலையில் பாதி, வண்டியின் தலையில் என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பதுதான்.

முதலில் சட்டம். நியூ ஜெர்சியில் 2010 அக்டோபருக்கு முன்பும் ஒரு சட்டம் இருந்தது. ஆனால் ஐஸ் விழுந்து யாருக்காவது அடிபட்டாலோ பொருள் சேதமானாலோதான் அது விழித்துக்கொள்ளும். அந்த அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை மாற்றியது. வண்டியைச் சாலையில் எடுப்பதற்கு முன், அதன் மேல் சேர்ந்திருக்கும் பனியையும் ஐஸையும் அகற்ற, நியாயமாகச் செய்யக்கூடிய எல்லா முயற்சியையும் ஓட்டுநர் செய்தாக வேண்டும். கார் என்றால் பானெட், டிக்கி, கண்ணாடிகள், கூரை. டிரக் என்றால் கேபினின் தலை, டிரெய்லரின் தலை, சேஸிஸில் ஏற்றி வரும் கண்டெய்னரின் தலை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சட்டம் குறிப்பிடுகிறது. செய்யாவிட்டால் 25 முதல் 75 டாலர் வரை அபராதம். ஐஸ் விழுந்ததா இல்லையா என்பது இங்கே பொருட்டே இல்லை. கூரையில் வைத்துக்கொண்டு ஓட்டினாலே போலீஸ் நிறுத்தலாம். லைசென்ஸில் பாயிண்ட் மட்டும் ஏறாது.

விழுந்து காயமோ சேதமோ ஆகிவிட்டால் தொகை வேறு. சாதாரண காருக்கு 200 முதல் 1000 டாலர் வரை, வணிக வாகனத்துக்கு 500 முதல் 1500 டாலர் வரை. உங்கள் கண்ணாடி உடைந்ததும் பொருள் சேதம்தான். ஆகவே அந்த டிரக் பிடிபட்டிருந்தால் இரண்டாவது தொகைதான் வந்திருக்கும்.

சரி, அந்த ஐஸ் அங்கே எப்படி வந்தது? இதைப் புரிந்துகொள்ளாமல் சட்டத்தைப் பேசிப் பயனில்லை. புதிதாகப் பெய்த பனி யாரையும் கொல்வதில்லை. வண்டி வேகமெடுத்ததும் மாவுபோலப் பறந்துவிடும். பின்னால் வருபவருக்குச் சில நொடி கண் தெரியாது, அதுவும் ஆபத்துதான், ஆனால் அது வேறு வகை. கொல்வது இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஐஸ். டிரெய்லரின் கூரை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள அலுமினியத் தகடு. பகல் வெயிலில் பனியின் மேற்புறம் இளகும். உள்ளே இருக்கும் சரக்கின் சூட்டில் அடிப்புறமும் இளகும். ராத்திரி இரண்டும் உறையும். இப்படி இரண்டு நாள் போனால் பஞ்சுபோல இருந்தது கண்ணாடிப் பாளமாகிவிடும். கீழே தரையில் நிற்கும் உங்கள் கண்ணுக்கு அது துளியும் தெரியாது.

இங்கே வழக்கமாக ஓடும் டிரெய்லர் 53 அடி நீளம், எட்டரை அடி அகலம். கூரை 450 சதுர அடி, ஒரு சின்ன அபார்ட்மெண்ட் அளவு. அதன் மேல் ஒரே ஒரு அங்குல ஐஸ் பரவியிருந்தால் எடை 2100 பவுண்டுக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு டன். நெடுஞ்சாலையில் டிரக்கும் சரக்கும் சேர்த்து 80,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது கூட்டாட்சி விதி. நிறைய எடை ஏற்றிய வண்டி, பனியின் எடையாலேயே அந்த வரம்பைத் தாண்டிவிட முடியும். டிரைவர்களிடம் பேசும்போது நான் முதலில் எடுப்பது இந்தக் கணக்கைத்தான். அபராதத்தைவிட எடை மேடை அவர்களுக்கு உடனே புரிகிறது.

அந்தப் பாளம் ஊருக்குள் முப்பது மைல் வேகத்தில் அசையாமல் கிடக்கும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. முப்பதிலிருந்து அறுபதுக்குப் போனால் நான்கு மடங்கு. நெடுஞ்சாலையில் ஏறும் வளைவைத் தாண்டி வண்டி வேகம் பிடிக்கும்போது முன் விளிம்பில் ஒரு விரல் இடுக்கு கிடைத்தால் போதும், காற்று அடியில் புகுந்து பாளத்தைத் தூக்கிவிடும். பாலத்தின் இணைப்பில் வண்டி குதிக்கும்போதும் இப்படிப் பெயர்வது உண்டு. தூக்கிய பாளம் கல் மாதிரி நேராகக் கீழே விழாது, தட்டையாக மிதந்து வரும். அகலமானது என்பதால் காற்று அதை உடனே தடுத்து நிறுத்திவிடும். நீங்கள் 65 மைல் வேகத்தில், நொடிக்கு 95 அடி என்று, அதன் மேல் போய் மோதுகிறீர்கள். மூன்றடிக்கு இரண்டடி, ஒரு அங்குலக் கனம் உள்ள சின்னத் துண்டே 28 பவுண்டு இருக்கும். இந்தியக் கடையில் வாங்கும் 20 பவுண்டு அரிசிப் பை ஏறக்குறைய ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது குளிர்காலம், ஒரு பிப்ரவரி காலை. இரண்டு நாள் வெயில், இரண்டு நாள் உறைபனி. நகரும் படிக்கட்டு மேடையை டிரெய்லரின் பக்கத்தில் நிறுத்தி, நீளக் கழியில் பலகை பொருத்திய வாரியால் ஐஸை இழுத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் அசையவில்லை. கழியின் முனையால் ஓரத்தில் நாலைந்து தட்டு தட்டினேன். உள்ளே எங்கோ ‘டொப்’ என்று ஒரு சத்தம். அப்புறம் கதவு திறப்பதுபோல ஒரு நீண்ட கிரீச். ஏறக்குறைய பத்தடிப் பாளம் ஒன்று மெதுவாக நகர்ந்து, விளிம்பைத் தாண்டி, முறிந்து, தார்த் தரையில் விழுந்தது. யார்டின் அந்தக் கோடியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கீழே இறங்கிப் போய் துண்டு ஒன்றை நிமிர்த்திப் பார்த்தேன். ஓரத்தில் என் சுண்டுவிரல் கனம், நடுவில் கூரை லேசாகத் தொய்ந்திருந்த இடத்தில் நாலு விரல் கனம். அடிப்புறத்தில் கூரைத் தகட்டின் ரிவெட் வரிசை அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. மேற்புறம் சொரசொரவென்று, பனி மாதிரியே. மேலே இருந்து பார்த்தாலும் ‘இது பனிதானே’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய மாதம், மேடை பழுது என்று, கூரை பார்க்காமலே ஒரு டிரெய்லரை நான் வெளியே விட்டேன். ‘கொஞ்சம் பனிதான், பறந்துவிடும்’ என்று டிரைவரிடம் சொன்னது நான்தான். முக்கால் மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார். நெடுஞ்சாலையில் ஏறும்போது பின்னால் ஏதோ வெடித்ததுபோலக் கேட்டதாம். கண்ணாடியில் பார்த்தால் சாலை முழுக்க வெள்ளைத் துண்டுகள். பின்னால் அந்த நேரத்தில் கார் எதுவும் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதன் பிறகு மேடை பழுது என்றால் வண்டி நிற்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகே வந்தவை. நியூ ஹாம்ஷயரில் இதை ‘ஜெசிகா சட்டம்’ என்பார்கள். 1996-இல் ஒரு டிரெய்லரின் மேலிருந்து கிளம்பிய ஐஸ் பாளம் இன்னொரு டிரக் மேல் விழ, அந்த டிரக் தடுமாறிப் போய் ஒரு காரில் மோதி, அதை ஓட்டி வந்த இருபது வயதுப் பெண் இறந்துபோனார். அவர் பெயரில் வந்த சட்டம் கூரையில் பனியோடு ஓட்டுவதைக் கவனக்குறைவான ஓட்டுதல் என்ற தலைப்பிலேயே சேர்த்தது. முதல் முறை 250 முதல் 500 டாலர், மறுபடி பிடிபட்டால் 500 முதல் 1000 டாலர். நியூ ஜெர்சியின் 25 டாலரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் பார்வையில் நியூ ஹாம்ஷயர்தான் இதைச் சரியாகப் பெயர் சொல்லி அழைக்கிறது.

பென்சில்வேனியா கதை இன்னும் வலிக்கும். 2005 கிறிஸ்துமஸ் நாளன்று நார்தாம்ப்டன் கவுன்டியில், டிரக்கிலிருந்து வந்த ஐஸ் கார் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பெண் இறந்தார். அந்தத் தொகுதியின் மாநில செனட்டர் லிசா பொஸ்கோலா 2006 முதல் மசோதாவைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். அதுவரை அங்கே இருந்த சட்டம், ஐஸ் விழுந்து ஒருவர் இறந்தாலோ பலத்த காயம் அடைந்தாலோதான் அபராதம் என்றது. போலீஸ்காரர் கண்ணெதிரே ஐஸ் மலையோடு டிரக் போனாலும் அவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இறந்த அந்தப் பெண்ணின் பெயரிலான ‘கிறிஸ்டின் சட்டம்’ 2022 ஜூலையில் கையெழுத்தாகி, அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் விபத்திலிருந்து எண்ணினால் பதினாறு ஆண்டுகளுக்கு மேல். இப்போது பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் அகற்ற நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 50 டாலர். விழுந்து ஒருவர் இறந்தாலோ பலத்த காயம் அடைந்தாலோ 200 முதல் 1500 டாலர் வரை.

அந்த 24 மணி நேரம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. புயல் நின்ற மறுநாள் காலையில்தான் சாலைகள் திறந்து எல்லோரும் வேகமாக ஓட்டத் தொடங்குகிறார்கள். முதல் ராத்திரியே உறைந்த பாளம் அந்தக் காலையில் கூரையில் இருக்கலாம், சட்டப்படி அது குற்றமில்லை. 78-இல் நீங்கள் மேற்கே போய் டெலவேர் ஆற்றைக் கடந்தால் பென்சில்வேனியா. அங்கே லீஹை பள்ளத்தாக்கு முழுக்க கிடங்குகள்தான். அங்கிருந்து காலையில் கிளம்பும் டிரக், பாலத்துக்கு அந்தப் பக்கம் சட்டத்துக்கு உட்பட்டும் இந்தப் பக்கம் மீறியும் ஓடிக்கொண்டிருக்க முடியும். மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவாக, கூரைப் பனிக்கென்று ஒரு கூட்டாட்சி விதி இல்லை. சரக்கைக் கட்டுவது பற்றிய விதிகள் நுணுக்கமாக இருக்கின்றன, ஆனால் ஐஸை யாரும் சரக்கு என்று ஏற்றுவதில்லையே.

கனெக்டிகட் இன்னொரு வழியில் போனது. 2010-இல் சட்டம் இயற்றிவிட்டு, வணிக வாகனங்களுக்கு மட்டும் 2013 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தது. நிறுவனங்கள் கருவி வாங்கட்டும், யார்டில் ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்பதற்கான நேரம் அது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பனி பெய்யத் தொடங்கித் தொடர்ந்து பெய்தால் குற்றமில்லை என்ற விலக்கும் அங்கே உண்டு. அது நியாயமானதுதான், நடுவழியில் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தி ஏறச் சொல்வது ஆபத்து.

இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி. டிரெய்லரின் தலை பதிமூன்றரை அடி உயரம். டிரைவரிடம் இருப்பது ஒரு துடைப்பம், சில நேரம் அதுவும் இல்லை. கூரைத் தகடு மனிதன் நடப்பதற்குச் செய்ததே இல்லை, ஐஸ் படிந்திருந்தால் சொல்லவே வேண்டாம். பணியிடப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக நான்கடிக்கு மேல் விழும் ஆபத்து இருந்தாலே தடுப்பு கேட்கின்றன. டிரெய்லர் கூரைக்கு அவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற வாதம் நீண்ட நாளாக நடக்கிறது. டிரக் சங்கங்கள் இந்தச் சட்டங்களை எதிர்க்கும்போது முன்வைக்கும் முக்கியமான காரணம் இதுதான். சங்கங்களோடு எனக்குப் பல விஷயத்தில் ஒத்துப்போகாது, இதில் அவர்கள் சொல்வது உண்மை. சாலையில் ஒரு உயிரைக் காக்க யார்டில் ஒருவர் முதுகெலும்பை முறித்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அந்த உண்மையைச் சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கோபம். வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். டிரைவர் விடியற்காலை நான்கு மணிக்கு வெறும் டிராக்டரோடு, அதாவது டிரெய்லர் மாட்டாத முன்வண்டியோடு, ஒரு கிடங்குக்கு வருகிறார். சரக்கு ஏற்றிய டிரெய்லர் மூன்று நாளாக அங்கே நின்றுகொண்டிருக்கிறது. ஐஸ் கட்டியது அங்கேதான், அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது. கொக்கியை மாட்டி, விளக்கும் பிரேக்கும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கூலி பெரும்பாலும் ஓடும் மைலுக்கு, நிற்கும் நேரத்துக்குக் கிடையாது. அந்தக் கிடங்கில் மேடையும் இல்லை, வாரியும் இல்லை, கேட்டால் ‘அது எங்கள் வேலை இல்லை’ என்பார்கள். அவர் அப்படியே எடுத்துக்கொண்டு போகிறார். பிடிபட்டால் டிக்கெட் அவர் பெயரில். ஐஸ் சேர இடம் கொடுத்தவரிடம் சட்டம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். இத்தனை டிரக் தலையில் ஐஸ் இருப்பதற்கு டிரைவரின் சோம்பல் காரணமென்று நான் நினைக்கவில்லை. அதை அகற்றக்கூடிய ஒரே இடமான யார்டுக்கு எந்தக் கடமையும் இல்லை என்பதுதான் காரணம்.

வழி இல்லாமலும் இல்லை. வாயில் மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அதன் குறுக்கே கூரை உயரத்துக்கு ஏற்றி இறக்கக்கூடிய ஒரு கலப்பைப் பலகை அல்லது சுழலும் பெரிய தூரிகை. டிரக் நடை வேகத்தில் அதன் அடியில் நுழைந்து வெளியே வந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கூரை சுத்தம். யாரும் ஏற வேண்டியதில்லை. பெரிய பார்சல் நிறுவனங்களும் கிடங்குகளும் வைத்திருக்கின்றன. விலை அதிகம், ஐந்தாறு வண்டி வைத்திருக்கும் சின்ன முதலாளியால் முடியாது. அவர்களுக்கு மேடையும் வாரியும் ஒரு ஆளின் இரண்டு மணி நேரக் கூலியும்தான் வழி. ஜெர்மனியில் நெடுஞ்சாலை ஓய்விடங்கள் பலவற்றில் டிரக் கூரை உயரத்துக்குக் கைப்பிடியோடு நடைமேடை கட்டி வைத்திருக்கிறார்கள். எந்த நிறுவனத்து டிரைவரும் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, மேடையில் நின்றபடியே தள்ளிவிட்டுப் போகலாம். அங்கே தார்ப்பாய்க் கூரை வண்டிகள் அதிகம். தொய்வில் மழைநீர் தேங்கி உறைவதைத் தடுக்க, பாயின் அடியில் நீளக் குழாய் ஒன்றை வைத்து, வண்டி நிற்கும்போது காற்றடைத்துக் கூரையைக் கூரான முகடாக்கும் ஏற்பாடும் உண்டு. தண்ணீரே நிற்காது, ஐஸ் எங்கே வரும்? இங்கே டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையின் சர்வீஸ் ஏரியாக்களில் அப்படி ஒரு மேடை கட்ட ஆகும் செலவு, சுங்கத்தில் வசூலாகும் பணத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வருடாவருடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன்.

இப்போது உங்கள் கண்ணாடி. ஐஸ் பறந்து வந்து நேராக உங்கள் வண்டியில் பட்டிருந்தால் இன்சூரன்ஸில் பொதுவாக அது, மோதல் அல்லாத சேதத்துக்கான காம்ப்ரிஹென்சிவ் பிரிவில் வரும். ஏற்கெனவே சாலையில் கிடந்த ஐஸ் மேல் நீங்கள் ஏறியிருந்தால் மோதலுக்கான கொலிஷன் பிரிவுக்குப் போகும். நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய விலக்குத் தொகையும் மாறலாம், அடுத்த வருடப் பிரீமியமும் மாறலாம். அதனால் நடந்ததை நடந்தபடி, ‘பறந்து வந்து அடித்தது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். போலீஸ் ரிப்போர்ட் எழுதவில்லையென்றால் இப்போதாவது எழுதுங்கள். டிரக் கிடைக்காது என்றாலும் கோப்பில் அது நிற்கும்.

டேஷ்கேம் இருந்தால் படத்தை அழியாமல் எடுத்து வையுங்கள். அதில் தேட வேண்டியது நம்பர் பிளேட் மட்டும் இல்லை. டிரெய்லரின் பின்கதவில் பெரிதாக எழுதியிருக்கும் பெயர் ஒரு நிறுவனம், இழுத்துப் போகும் டிராக்டர் வேறு நிறுவனமாக இருக்கலாம். டிராக்டரின் பக்கவாட்டில், கதவருகே, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் எண் எழுதியிருக்க வேண்டும், அதுதான் பொறுப்பாளியைக் காட்டும். டிரெய்லருக்கென்று தனி எண் ஒன்று பின்கதவின் மூலையில் இருக்கும். தேதி, நேரம், எக்ஸிட் எண்ணோடு டிரெய்லர் எண்ணைக் கொடுத்தால், அன்று அதை இழுத்தவர் யார், எந்த யார்டிலிருந்து கிளம்பியது என்று நிறுவனத்தின் பதிவிலிருந்து எடுத்துவிட முடியும். இப்படி வெளியாள் ஒருவர் கொடுத்த டிரெய்லர் எண்ணை வைத்து எங்கள் யார்டிலேயே ஒருமுறை கண்டுபிடித்திருக்கிறோம்.

அடுத்த முறை முன்னால் வெள்ளைத் தலையோடு டிரக் போனால் லைட் அடித்துக் காட்டிப் பயனில்லை, அவரால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. லேன் மாறுங்கள், முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்து நன்றாகப் பின்தங்கிவிடுங்கள். பாளம் கிளம்பிவிட்டால் பிரேக்கை நெரிக்காதீர்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். பக்கத்து லேனில் போய் மோதுவது கண்ணாடி உடைவதைவிட மோசம். நேராகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டுங்கள்.

உங்கள் காருக்கும் இதே சட்டம்தான். முன் கண்ணாடியில் ஒரு சதுரம் மட்டும் சுரண்டிவிட்டு, கூரையில் ஒரு அடிப் பனியோடு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விடப் போகிற கார்களை எங்கள் தெருவிலேயே தினமும் பார்க்கிறேன். அது பிரேக் போடும்போது முன்னால் சரிந்து உங்கள் கண்ணையே மூடும், வேகமெடுத்தால் பின்னால் வருபவர் மேல் போகும். நுரைத் தலை வைத்த நீளக் கழி ஒன்று, கார் பெயிண்டில் கீறல் விழாது, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஒன்று வாங்கி வாசலில் சாத்தி வையுங்கள், டிக்கியில் வைத்தால் டிக்கி உறைந்த அன்று எடுக்க முடியாது.